ஓரம் கலங்கும் லென்ஸ்

"இந்த லென்ஸத் தலையச் சுத்தித் தூக்கி எறியணும் மாஸ்டர்," என்றார் அருமைநாயகம்.

மெஹர்பானு சிரித்தாள். இங்கே குருவுக்குச் சிஷ்யனைவிடப் பத்து வயது குறைவு. அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

"அப்படி என்னண்ணே பண்ணுச்சு?"

"நடுவுல நிக்கிறவங்க முகம் விளக்கு வெளிச்சத்துல பாத்தாப்புல வருது. ஓரத்துல நிக்கிறவங்க சுழிச்சுக்கிட்டுக் கலங்கிப் போறாங்க. இத வச்சுக் கல்யாணத்துல குரூப் போட்டோ எடுத்தா அடிக்க வருவாங்க."

"பழைய ருஷ்ய லென்ஸ். தேடுனாலும் கிடைக்காது."

"கிடைக்காமலே இருந்திருக்கலாம்."

"நாளைக்கு முகூர்த்தத்துக்கு அத மட்டும் கொண்டாங்க."

மறுநாள் மணமேடையில் பெண்ணின் பெரியப்பா ஆட்களை நிறுத்தினார். அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். மணமக்கள் நடுவில், ஒட்டினாற்போல் அவர். பெண்ணின் அம்மா கணவனை இழந்தவள். அவளைக் கடைசியில், தூணோரம் தள்ளிவிட்டார்.

"அம்மா, என் பக்கத்துல வா," என்றாள் பெண்.

"நல்ல காரியத்துல அவ நடுவுல எதுக்கு? அங்கயே நிக்கட்டும்."

"இருக்கட்டும்டி. எனக்கு இங்கயே போதும்," என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அருமைநாயகம் காமிராவுக்குள் பார்த்தார். பெரியப்பாவின் முகம் ஜொலித்தது. அம்மாவின் முகம் மழை பட்ட கோலம்போலக் கலைந்திருந்தது. பெற்றவளுக்கு மகள் கல்யாணப் படத்தில் முகம்கூடக் கிடையாதா?

லென்ஸின் வளையத்தைத் திருகி வெளிச்சம் வரும் வழியைச் சுருக்கினால் ஓரமும் கொஞ்சம் தெளியும். கையைக் கொண்டுபோனார்.

மெஹர்பானு அந்தக் கையைப் பிடித்தாள்.

"அப்பவும் அவங்க ஓரத்துலதானே அண்ணே நிப்பாங்க?"

அருமைநாயகம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு முக்காலியோடு காமிராவைத் தூக்கினார். நேராக நடந்து, தூணுக்கு எதிரே கொண்டுபோய் ஊன்றினார். அம்மாவை நடுவில் வைத்து லென்ஸைத் திருப்பினார்.

பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் அவனை நிறுத்தி, இந்தப் பக்கம் தான் நின்றாள். அம்மா அழுதாள், ஆனால் விலகவில்லை.

"யோவ், என்னய்யா பண்றே?" பெரியப்பா கத்தினார். "நான் ஓரத்துல நிக்கிறேன்!"

"தெரியுதுங்க," என்றார் அருமைநாயகம். "கொஞ்சம் சிரிங்க."