உறைபனி படியாத வட்டம்

2019ஆம் ஆண்டு ஜனவரி 9, புதன்கிழமை. உதகையில் காலை ஆறரை மணிக்கு வெப்பநிலை சுழியத்திற்கு ஒரு பாகை கீழே. காற்று இல்லை, வானம் தெளிவாக இருந்தது.

கோல்ஃப் மைதானத்தின் எட்டாவது கிரீன், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரை, உறைபனியால் வெளுத்திருந்தது. பாதையை ஒட்டிய ஓரத்தில் மட்டும் ஒரு வட்டம் பச்சையாக இருந்தது.

ஹெலன் புதிய புல்வெட்டும் இயந்திரத்தின்மீது அமர்ந்திருந்தாள். அதன் எடை அரை டன். தரையின் ஈரத்தைக் காட்டும் திரையும் அதில் உண்டு. மைதானத்தை நடத்தும் குழுவினர் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஒன்பது மணிக்கு வருவார்கள். அதற்குள் ஒன்பது கிரீன்களையும் வெட்டிக் காட்டாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும். அதை ஓட்டுவதற்கென்றே சேர்க்கப்பட்ட அவளும் போகவேண்டியதுதான்.

உறைந்த புல்லின்மேல் சக்கரம் ஏறினால் புல் கருகிவிடும். போஜன் மேஸ்திரி அவளுக்குக் கற்பித்த முதல் பாடம் அது. ஆகவே, அவள் பச்சை வட்டத்தை நோக்கி இயந்திரத்தைத் திருப்பினாள்.

போஜன் குறுக்கே வந்து நின்றார். புல்லின்மேல் படியும் பனித்துளிகளைத் தட்டிவிடும் நீண்ட மூங்கில் அவர் கையில் இருந்தது.

“எங்கே?”

“உறையாத இடத்தில் தொடங்குகிறேன், மேஸ்திரி. நீங்கள் சொன்னதுதானே.”

“நேற்று இங்கே உறைந்திருந்தது.”

“இன்று உறையவில்லை. என் நல்ல காலம்.”

“உன் நல்ல காலம் இவ்வளவு வட்டமாகவா வரும்?”

“தரை சரியாக இருப்பதாகத் திரை சொல்கிறது. இவ்வளவு தெரிந்த இயந்திரம் வந்த பிறகும் இந்தக் கம்பு எதற்கு? வேண்டுமானால் அதற்கும் ஒரு பேட்டரி போட்டுத் தருகிறேன்.”

“போடு. முதலில் இதை அணை.”

அவள் அணைத்தாள். வட்டத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது, தணிந்தது, மீண்டும் எழுந்தது. யாரோ அங்கே படுத்து உறங்குவதைப் போலிருந்தது.

போஜன் பாதையில் நின்றபடியே மூங்கிலை நீட்டி, வட்டத்தின் நடுவில் மூன்று முறை தட்டினார்.

நான்காவது தட்டு கீழிருந்து வந்தது.

ஹெலனின் கை தானாகவே சாவியை உருவியது.

“மேஸ்திரி, கீழே யார்?”

“எனக்குத் தெரியாது. அதனால்தான் தட்டினேன்.”

எட்டே கால் மணிக்கு, எவரும் தொடாமலேயே அந்த வட்டம் உள்ளே விழுந்தது. அறுபது அடிக் கயிற்றை இறக்கினார்கள். அது தரையைத் தொடவில்லை. அன்று ஒரு கிரீனும் வெட்டப்படவில்லை. குழுவினர் பள்ளத்தைப் பார்த்தனர்; அதன் விளிம்புக்கு முன்பே இயந்திரம் நின்ற இடத்தையும் பார்த்தனர்; இயந்திரமும் ஹெலனும் இருக்கட்டும் என்றனர்.

பள்ளத்தைக் கல்லும் மண்ணும் இட்டு மூடினர். ஹெலன் இயந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு கொக்கிகளைப் பற்றவைத்து, அவற்றில் ஒரு மூங்கிலைச் செருகினாள். அந்த இடத்தில் இப்போது மற்ற இடங்களைப் போலவே உறைபனி படிகிறது. ஒவ்வொரு காலையும் அவள் அங்கே மூன்று முறை தட்டுகிறாள். பிறகு சிறிது நேரம் காத்திருக்கிறாள்.