யாரும் போகாத பனி

முதலில் சத்தம்தான்.

சர்ர்... சர்ர்... உப்பளத்தில் பலகை வைத்து உப்பு வாருவதுபோல. ஒன்று தேயுமுன் இன்னொன்று. மூச்சிரைப்பு. பிடிபடாத பாஷைகளில் சிரிப்பு.

கண் தெரியாத கஸ்பார், கூடார வாசலில் பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்ப்பதை நிறுத்தினான்.

"டீச்சர், என் பேரை எடுத்துருங்க. சாயங்கால பஸ்ல மலையிறங்கிப் போயிருதேன்."

"நாளைக்குப் பந்தயம், அண்ணே."

அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பேச்சித்தாய் அவனைவிட வயதில் சின்னவள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சறுக்குநாற்காலியில் உட்கார்ந்து, கைக்கம்புகளை ஊன்றியே மலையேறுவாள்.

கஸ்பார் கட்டையைத் தள்ளி வைத்தான். "நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு உலகப் பந்தயம் வச்சப்போ, முதல் தடவையே பதக்கம் வாங்கினேன். மூணாவது இடம்."

"ஓடினதே மூணு பேரு."

"இருக்கட்டுமே! பதக்கம் பதக்கம்தானே? இப்போ நாடு நாடா வந்து குவியிறாங்க. பனியே பெய்யாத ஊர்க்காரன்லாம் வாரான்."

"உங்க தூத்துக்குடியில எவ்வளவுண்ணே பெய்யும்?"

கஸ்பாருக்குச் சுருக்கென்றது.

"கேலி பண்ணாதீங்க. இத்தனை பேருக்கு நடுவுல நான் எதுக்கு?"

"கட்டையை மாட்டுங்க. என் கம்பைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

சத்தங்கள் பின்தங்கின. ஓரிடத்தில் கம்பை உருவிக்கொண்டாள்.

"இங்க ஒருத்தரும் வந்ததில்ல. போட்டிக்கு ஆளே கிடையாது. போங்க."

போனான். காலடியில் பஞ்சு. காதில் ஒன்றுமில்லை, காற்றுகூட. தூக்கத்தில் நடப்பதுபோல் சுகமாகத்தான் இருந்தது. நேரே போகிறோமா, சுற்றிச் சுற்றி வருகிறோமா என்பதுகூடத் தெரியவில்லை.

திடீரென்று முழங்கால்வரை புதைந்தது. விழுந்தான். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம்?

"டீச்சர்!"

"இங்கதான் இருக்கேன். ஜெயிச்சாச்சா?"

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தான்.

அவனை எல்லாரும் ஓடும் பாதையில் கொண்டுவிட்டாள். கட்டைகள் இரண்டும் தாமாகத் தடத்துக்குள் இறங்கி உட்கார்ந்தன. உந்தினான். வளைவு வருமுன்பே கால் திரும்பியிருந்தது.

நின்றான். கையுறையைக் கழற்றிவிட்டுத் தடத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தான். ஓரம் கண்ணாடியாக இறுகியிருந்தது.

"இவ்வளவு ஆழமா யாரு போட்டது?"

பின்னால் யாரோ ஏதோ பாஷையில் கூவினார்கள். விலகி வழிவிட்டான். சர்ர்ரென்று ஒன்று, அப்புறம் இன்னொன்று, அவன் விரல் வைத்திருந்த இடத்தின் மேலேயே போயின.



கீழே பஸ் ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும்.

கஸ்பார் கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்தான். மெழுகுக்கட்டி எங்கே என்று தடவினான். கிடைத்தது. கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தான்.