ஆள்காட்டிக்குக் கிடைக்காத பத்து நாள்

மருதங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. பெருங்கோடன் என்ற யானைதான் அதற்குத் தலைவர். மேல்படிப்பு முடித்தவர்களுக்கு, அடுத்து எங்கே போகலாம், என்ன வேலை பார்க்கலாம் என்று சொல்ல அங்கே ஓர் ஆள்காட்டிப் பறவை இருந்தது. அதன் பேர் மஞ்சக்காலி.

மஞ்சக்காலிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. விடிந்தால் வரிசை. "அக்கா, எனக்கு ஒரு வழி சொல்லுங்க!" "அக்கா, அங்க போய் எப்படிப் பேசணும்?" அதுவும் சலிக்காமல் சொல்லும்.

வருஷா வருஷம் கார்த்திகையில் ஏழு காட்டு வழிகாட்டிகளும் மொட்டைப் பாறையில் கூடுவார்கள். எந்த ஏரி வற்றியது, எங்கே ஆள் தேவை, எங்கே ஆபத்து என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மஞ்சக்காலி யானையிடம் போய் நின்றது.

"ஐயா, பத்து நாள் லீவு வேணும். மொட்டைப் பாறைக்குப் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் இடத்துல மந்தி உட்காரட்டும்."

"மந்தியா? அப்புறம் எனக்கு யார் விசிறுறது?" என்றது யானை. "நீயே வழிகாட்டி! உனக்கு எவன் வழி சொல்லணும்? போ, போய் வரிசையைப் பாரு!"

மறு வருஷமும் இதே பதில். அதற்கடுத்த வருஷம் பதில்கூட இல்லை. ஆண்டு விழாவில் ஒரு தாமரை மாலையைப் போட்டு, "மஞ்சக்காலி மாதிரி உண்டா!" என்று தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். மாலையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், பாவம்!

அந்த வருஷம் துடியன் என்ற நீர்நாய் படிப்பை முடித்தது. கெண்டை மீன் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று ஏழு வருஷம் ஆராய்ந்த பிள்ளை அது. குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே வந்தது.

"அக்கா! எனக்கு எந்த ஏரி?"

மஞ்சக்காலி யோசித்தது. கீழை ஏரியில் மீன் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தது. ஆனால் அது மூன்று வருஷத்துக்கு முந்தைய சேதி. "இப்ப எப்படின்னு எனக்குத் தெரியலடா" என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். வழிகாட்டியே தெரியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

"கீழை ஏரிக்குப் போடா தம்பி! உனக்குன்னே இருக்கிற இடம்!"

துடியன் அன்றைக்கே கிளம்பியது.

இருபதாம் நாள் திரும்பி வந்தது. பின்னங்கால் ஒன்றைக் காணோம். நொண்டி நொண்டி வந்து மஞ்சக்காலி முன்னால் விழுந்தது. வரிசை கலைந்து போயிற்று. சத்தம் கேட்டு யானையும் ஓடி வந்தது.

"என்னடா ஆச்சு?" என்று பதறியது மஞ்சக்காலி.

"முதலை, அக்கா! கீழை ஏரியில முதலைங்க குடியேறி ரெண்டு வருஷமாச்சாம். அங்க வழிகாட்டியா இருக்கிற கொக்குதான் என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டுச்சு. 'மொட்டைப் பாறைக் கூட்டத்துல போன வருஷமே எல்லாருக்கும் சொல்லிட்டோமே, உங்க காட்டுலேருந்து யாரும் வரலையா?'ன்னு கேட்டுச்சு."

மஞ்சக்காலி தலையைத் தரையில் வைத்து அழுதது. "தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்டா. சொல்லாம விட்டுட்டேனே!"

யானை தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அனுப்பாதது நான்தான்" என்றது. "மஞ்சக்காலி, வர்ற கார்த்திகைக்கு நீ போ. வருஷா வருஷம் போ. உன் இடத்துல நானே உட்கார்றேன்."

"போறேன் ஐயா," என்றது மஞ்சக்காலி. "இவன் கால் வந்துடுமா?"

கார்த்திகையில் மஞ்சக்காலி பறந்து போனது. யானை வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தது. முதலில் வந்த முயல், "ஐயா, நான் எந்தக் காட்டுக்குப் போகட்டும்?" என்று கேட்டது. எத்தனையோ படித்திருந்த யானை, "எனக்குத் தெரியலப்பா, மஞ்சக்காலி வரட்டும்" என்றது. பத்து நாளும் அப்படியே போயிற்று.

குளத்தில் கெண்டைகள் துள்ளின. எது எந்தப் பக்கம் திரும்பும் என்று கரையில் இருந்தபடியே துடியன் சரியாகச் சொன்னது. இறங்கிப் பிடிக்கத்தான் அதனால் முடியவில்லை. யானை அந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருந்தது.

பிறருக்கு வழி சொல்கிறவர் புதிதாகத் தெரிந்துகொள்ள நாம் இடம் கொடுக்காவிட்டால், அதனால் வரும் அடி அவரை நம்பிப் போனவர்கள் மேல்தான் விழும்.