ஏழாவது குழி

புது அடுக்குமாடிகளுக்கு மரம் வைத்துப் பராமரித்துக் கொடுப்பதில் பொற்கொடிக்கு அந்த ஊரில் நல்ல பெயர். வயது முப்பத்து நான்கு. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்பது. பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாளே கேட்டார்.

"அம்மணி, வைக்கிற மரமெல்லாம் பொழைக்கோணும்னா என்னங்க பண்ணோணும்?"

பொற்கொடி ஒரு பக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தனை மணிக்குங்க?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பதில் வராததால் காலை ஆறு என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அந்தக் கட்டடத்தில் அறுபது வீடுகள். சுற்றிலும் ஆளுயரத்தில் நாற்பது நிழல் மரங்கள் உயிரோடு நிற்க வேண்டும், நகராட்சி வந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் குடியேறலாம் என்பது ஊர் விதி. முப்பது மரங்களைப் பொற்கொடியின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். மேற்குச் சுவரோரம் இருந்த பத்தும் தணிகாசலத்தின் பொறுப்பு.

ஆறு மணி என்றால் ஆறு மணிதான். பொற்கொடி வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. தணிகாசலம் ஒரு கையில் குடையும் மறு கையில் பக்கெட்டுமாக வந்து நின்றார்.

வாட்ச்மேன் பெரியநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சார், மேல இருந்து ஒருத்தர் ஊத்திக்கிட்டுத்தானே இருக்காரு? ட்யூட்டிய அவருக்கு மாத்தி விட்டுட்டு நீங்க போய்ப் படுங்க."

"காலி வண்டின்னாலும் நேரத்துக்கு எடுக்கோணும் தம்பி" என்று சொல்லி, பத்துக்கும் ஊற்றிவிட்டுத்தான் போனார்.

மொட்டைமாடித் தண்ணீர் வந்து விழும் குழாயை ஒட்டி இருந்தது ஏழாவது குழி. ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு அங்கே இருந்த வேப்பங்கன்றைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. வேர் அழுகிப் போயிருந்தது.

நர்சரியில் ஆளுயரக் கன்று இல்லை என்றார்கள். கார்த்திகைக்குள் பால் காய்ச்ச அறுபது குடும்பங்கள் காத்திருந்தன. மார்கழி பிறந்துவிட்டால் அப்புறம் தைதான். தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வாய்க்கால் கரைப் பூவரசில் ஒரு கிளையை வெட்டி வந்து, அந்தக் குழியில் ஆழமாகச் செருகி, பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டினார். இலைகள் பச்சையாகத்தான் இருந்தன.

ஆய்வு நாளன்று பொற்கொடி வந்துவிட்டாள். நகராட்சி அதிகாரி சகாயமேரி விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார்.

"முப்பத்தொன்பது, நாற்பது. அடடே, ஜோரா வெச்சிருக்கீங்களே!"

அவர் பேனாவைத் திறந்தார். தணிகாசலம் ஓரெட்டு முன்னால் வந்தார்.

"மேடம், அதுல ஒண்ணு மரமில்லீங்க."

"பின்னே?"

"குச்சிங்க. கன்னு என்னாலதான் செத்துப்போச்சு. பயந்துட்டு நாந்தான் இதச் செருகி வெச்சேன்."

சகாயமேரி அவரைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். முப்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்.

"அறுபது நாள் கழிச்சு வர்றேன்."

அறுபது குடும்பமும் ஆளுக்கொரு வாய் திட்டித் தீர்த்தது. எல்லாம் ஓய்ந்ததும் தணிகாசலம் பொற்கொடியிடம் வந்து பக்கெட்டை நீட்டினார்.

"இது உங்களுதுங்க அம்மணி. நான் வர்றேன்."

அவள் வாங்கவில்லை.

"ஏழாவது குழிக்கு ஊத்தியாச்சுங்களாண்ணா?"

"அது பொய்யிங்க. பிடுங்கி எறிஞ்சுட்டுப் போறேன்."

"பொய்க்கு வேண்டாங்ணா. குச்சிக்கு ஊத்துங்க."

"எத்தனை மணிக்..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பொற்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணுக்குள் ஒரு விரலை விட்டாள். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விரலை விட்டார்.

"நல்ல ஈரமா இருக்குதுங்களே அம்மணி."

"அப்பப் போய் டீ குடிங்க."

மறுநாள் அவர் கைக்கடிகாரம் கட்டாமல் வந்தார். எந்நேரமும் விரல் நகத்தில் மண். "பல்ஸ் எப்படி இருக்குது டாக்டர்?" என்று பெரியநாயகம் தினமும் கேட்டான்.

தை மாதம் சகாயமேரி வந்தார். குச்சியில் பழைய இலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் புதிது. இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசைவேனா என்றது.

"நாற்பது!" என்றார் அதிகாரி. படிவத்தைப் பிரித்தார். "மத்ததுக்கெல்லாம் வைகாசியிலேயே நட்டதா இருக்கு. இந்தப் பூவரசுக்கு நட்ட தேதி என்ன போடட்டும்?"

முப்பத்தைந்து வருடம் நேரம் குறித்தவருக்கு வியர்த்துவிட்டது. பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"செருகுன தேதியச் சொல்றதுங்களா அம்மணி? அன்னைக்கு அது ஏமாத்துங்களே. வேர் விட்ட தேதியோ எனக்குத் தெரியாதுங்க."

"மேடத்துகிட்ட மரமில்லீன்னு சொன்னீங்கல்லண்ணா," என்றாள் பொற்கொடி. "அந்தத் தேதியப் போடச் சொல்லுங்க."