கூட வந்தவர்

“டீச்சர், கம்ப்யூட்டர்ல அப்டேட்னு போட்டா எதுவும் புதுசாகல. அப்கிரேடுன்னு போட்டாத்தான் ஆகுது. அப்போ அந்த அப்டேட் என்னதான் செய்யுது?”

“புதுசா என்ன வந்திருக்குன்னு விசாரிச்சிட்டு வருது.”

“விசாரிச்சிட்டு?”

“சும்மா உக்காந்திருக்கும்.”

கேட்டவர் இசக்கியப்பன். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி வரும்வரை பஸ் கண்டக்டர். பதில் சொன்ன மரகதவல்லி அவருடைய மகள் வயதுக்காரி. தென்காசியில் ஒரு சைக்கிள் கடை மாடியில், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கக் கற்றுத்தருகிறவர்.

“ரிமூவ்னாலும் நீக்குறது, பர்ஜ்னாலும் நீக்குறது. எதுக்கு டீச்சர் ரெண்டு பேரு?”

“ரிமூவ் ஆளை மட்டும் அனுப்பும். பர்ஜ் அவரு செருப்பையும் தூக்கி வெளிய வச்சிரும்.”

இசக்கியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். இப்படி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் பயம்.

அவராக இங்கே சேரவில்லை. நண்பர் வேலாயுதம் சேர்ந்தபோது, “கூட ஒருத்தர் வரலாமா?” என்று கேட்டு இழுத்து வந்தார். அன்றிலிருந்து மாடியில் எல்லோருக்கும் இவர் ‘கூட வந்தவர்’. டீச்சருக்கும்தான். போன வாரம் வேலாயுதத்துக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. கூட வந்தவர் இருக்கலாமா, போக வேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை. இவருக்கோ இந்த வேலை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

அன்று ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் யாரும் தொடாத படம் வரையும் மென்பொருள் ஒன்று. இசக்கியப்பனிடம் அதை நீக்கச் சொன்னார் டீச்சர்.

நீக்கினார். திரையில் ஒரு செய்தி வந்தது. இந்தப் பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை. கீழே சில பெயர்கள்.

“பொதின்னா?”

“ஒரு வேலைக்கு வேண்டியதை எல்லாம் கட்டி வச்ச மூட்டை.”

“தானா வந்ததுன்னா?”

“நாம கேக்கல. நாம கேட்டது கூட்டிட்டு வந்தது.”

“அட, இது எங்க பஸ் கணக்குல்லா! டிக்கெட் எடுத்த அம்மா இறங்கிட்டா மடியில இருக்க பிள்ளையும் இறங்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்ன பிறகு முகத்தில் சிரிப்பு தங்கவில்லை.

எல்லாவற்றையும் நீக்கினார். டீச்சர் தடுக்கவில்லை.

பிறகு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பள்ளியின் கேள்வித்தாள் ஒன்றைத் திறந்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது.

“அய்யய்யோ! தேவையில்லன்னு அதுதானே சொல்லிச்சு!”

“எதை வச்சுச் சொல்லிச்சு?”

இசக்கியப்பன் யோசித்தார். படம் வரையும் மென்பொருள் தன்னோடு ஒரு தமிழ் எழுத்துருவைக் கூட்டி வந்திருக்கிறது. படம் யாரும் வரையவில்லை. ஆனால் வாத்தியார்கள் எல்லோரும் அந்த எழுத்துருவிலேயே எழுதிப் பழகிவிட்டார்கள்.

“பள்ளிக்கூடமே இதை வச்சுத்தான் ஓடுது. அது மெஷினுக்குத் தெரியாதா டீச்சர்?”

“தெரியாது.”

“அப்போ அதுக்கு என்னதான் தெரியும்?”

“பேரு சொல்லி யாரும் கேக்கலங்கிறது தெரியும்.”

டீச்சர் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்க கேளுங்க.”

எழுத்துருவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வந்து சேர்ந்தது. கேள்வித்தாளை மறுபடி திறந்தார். முதல் கேள்வி பளிச்சென்று தமிழில் இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

“இனிமே இதைத் தேவையில்லன்னு சொல்லுமா?”

“சொல்லாது. பேரு சொல்லிக் கேட்டாச்சு. யாரு போனாலும் இது இருக்கும்.”

இசக்கியப்பன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“டீச்சர், வேலாயுதம் போயிட்டான்.”

“ஆமா.”

“நான் அவன்கூட வந்தவன்.”

“ஆமா.”

 

“அப்போ... நான் கிளம்புதேன்.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். சைக்கிள் கடையைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது. மரகதவல்லி வெளியே எட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“இசக்கியப்பன் அண்ணாச்சி!”

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரய்யா அது இசக்கியப்பன்?”

“நான்தான். என்னையத்தான் கூப்புடுதாவ” என்று சொல்லிவிட்டு, அவர் வேகமாகப் படியேறினார்.