பன்னிரண்டாவது பட்டன்

அருணகிரிக்கு வயது நாற்பத்தாறு. அவருக்கு வாய்த்த குரு பூங்கோதைக்கு முப்பத்தெட்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தெரியாதவர் தெரிந்தவரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

கோவையில், மாட்டுத்தீவன மில்களுக்கு மெஷின் வரைந்து கொடுக்கும் ஆபீஸ் அது. கம்ப்யூட்டரில் வரைவார்கள், பட்டறையில் செய்வார்கள். செய்து முடித்த மெஷினுக்குள் வரைந்தவர்தான் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள். அங்கே அப்படிப் பழக்கம்.

அருணகிரி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பூங்கோதை டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். உயரம், தோள், கை நீளம், முட்டி வரைக்கும். இடது தோளில் மட்டும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

“யூனிஃபார்முங்களா மேடம்?”

“ம்.”

“என்ன கலருங்க?”

“வரும்போது பாருங்கண்ணா.”

பிறகு ஒரு மவுஸைக் கொடுத்தார். கட்டைவிரல் பக்கம் மட்டும் பன்னிரண்டு பட்டன்.

“எதுல எதை வைக்கிறதுங்க?”

“பதினொண்ணு உங்க இஷ்டம். கோடு, வட்டம், காப்பி, என்ன வேணா வச்சுக்குங்க. பன்னெண்டாவதுல நான் ஒண்ணு வச்சிருக்கேன். படம் முடிஞ்சதும் அமுக்குங்க. அதை மட்டும் மாத்தாதீங்க.”

முதல் படம் ஓர் அரவை மெஷின். நான்கு நாளில் முடித்தார். பன்னிரண்டை அமுக்கினார்.

திரையில் ஓர் ஆள் வந்து நின்றான். சாம்பல் நிறம். முகம் இல்லை. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நின்றான். ஒரு கை, ஓடும் பெல்ட்டுக்குள் இருந்தது.

அருணகிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“மேடம், இது யாருங்க?”

“உள்ள போற ஆளு.”

“கையை யாருங்க பெல்ட்டுக்குள்ள விட்டது?”

“நீங்கதான் இடம் விட்டிருக்கீங்க.”

பெல்ட்டுக்கு மூடி வரைந்தார். மறுபடி அமுக்கினார். கை வெளியே வந்து தொங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் அவன் வந்தான். எங்கே நிற்பான் என்று வரைந்தவருக்கே தெரியாது. ஏணியில் ஒரு படி விட்டுப்போனால் அந்த இடத்தில் காலைத் தொங்கவிட்டு நின்றான். மேல் மூடி இல்லையென்றால் தொட்டிக்குள் தலைகீழாகக் கிடந்தான். படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் முகமில்லாத அந்தத் தலை தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது அருணகிரிக்கு. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது திரையை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“யூனிஃபார்ம் இன்னும் வரலீங்களே மேடம்?” என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். அடுத்த மாதமும் கேட்டார்.

“வரும்.”

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. பன்னிரண்டாவது பட்டனில் மிரரை வைத்தார். அமுக்கினால், கண்ணாடியில் பார்ப்பது போல, வரைந்தது இடம் வலமாகிவிடும். ஆள் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. வேலை பறந்தது.

இரண்டு மாதம் போனது. காங்கேயத்தில் ஒரு மில்லுக்கு மிக்ஸர் வரைந்தார். ஆள் தவழ்ந்து நுழைகிற அளவுக்கு டிரம். உள்ளே சுற்றும் பிளேடுகள். இடது பக்கம் கதவு. அதை ஒட்டினாற்போல, தனித் தூணில், மெஷினை நிறுத்தும் சுவிட்ச். டிரம்மைச் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் மில்லில் இருந்து போன் வந்தது. கதவு வலது பக்கம் வேண்டுமாம்.

டிரம்மைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு. ஒரே அமுக்கு. கதவு வலது பக்கம் போனது. பட்டறைக்கு அனுப்பிவிட்டார்.

மெஷினும் காங்கேயம் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். வியாழக்கிழமை காலையில் அருணகிரி குருவிடம் போனார். முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், பன்னெண்டு பத்தலீங்க. பதினெட்டு பட்டன் வச்ச மவுஸ் ஒண்ணு வாங்கிக்கலாங்களா?”

“பன்னெண்டாவதுல என்ன இருக்கு?”

“மிரருங்க. அந்த ஆளால டைம்தான் வீணுங்க. சும்மா வந்து நிக்கிறான். அவன் என்ன ஓட்டா போடப் போறான்?”

பூங்கோதை சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிக்ஸர் படத்தைத் திறந்தார். பன்னிரண்டாவது பட்டனை, முன்பு இருந்தபடிக்கே மாற்றி வைத்தார்.

“நாளைக்கு யாருண்ணா இறங்குறது?”

“நான்தாங்க.”

அமுக்கினார்.

மெஷினைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஏணியில் இல்லை. மேலே இல்லை.

“பாத்தீங்களா, வரவே இல்லைங்க” என்றார் அருணகிரி.

பூங்கோதை டிரம்மின் தகரத்தை மட்டும் திரையில் மறைத்தார்.

உள்ளே இருந்தான். மல்லாந்து கிடந்தான். ஒரு பிளேடு அவன் நெஞ்சில் நுழைந்து முதுகில் வெளிவந்திருந்தது. ரத்தம் இல்லை, கீறல் இல்லை. சாம்பலுக்குள் சாம்பல். ஒரு கை முழங்கை வரைக்கும் கதவுக்கு வெளியே நீண்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்து, பக்கத்துத் தகரத்தில் எதையோ தடவிக்கொண்டிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. டிரம்மோடுதான் கதவு திரும்பியது. தூண் திரும்பவில்லை. சுவிட்ச் பழைய இடது பக்கத்திலேயே நின்றுவிட்டது. சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கதவும் தெரியாது, கையும் தெரியாது.

அருணகிரி குனிந்தார். இறங்கியிருந்த அந்த இடது தோளைப் பார்த்தார். அவருடைய வலது கை, அவர் சொல்லாமலே, தன் இடது தோளுக்குப் போனது. டேப் இரண்டு தடவை தொட்ட இடம் சில்லென்றிருந்தது.

“மேடம்...”

பூங்கோதை எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“யூனிஃபார்ம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களேண்ணா. உக்காந்து பாருங்க. அளவு சரியா இருக்குங்களா?”