மைக்செட் சோணைமுத்துவின் நாத்து லைட்டு

சோணைமுத்து புளுகுவான்னு எங்க மேலத்தெருவுல கைப்பிள்ளைக்கும் தெரியும். மைக்செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுற ஆளு. மைக்கே இல்லாம நாலு தெருவுக்குக் கேக்குற தொண்டை. ஆனா அன்னைக்கு அவன் புளுகுக்கும் ஒரு வேலை கிடைச்சுச்சு, அதான் சொல்றேன்.

காளியம்மன் பொங்கல் வருது, மறுநாள் முளைப்பாரிக்கு விதை போடணும். ஊர்வலத்துல எந்தத் தெருப் பாரி உசரமோ, அந்தத் தெருதான் முன்னாடி போகும். ரெண்டு வருசமா கீழத்தெருதான் முன்னாடி. எங்க பொம்பளைங்க அவங்க கிளப்புன புழுதியத் தின்னுக்கிட்டே பின்னாடி போனாங்க. பாரி வளக்குற பொறுப்பு ஒச்சம்மாக்காவோடது. இந்த வருசமும் பின்னாடிதான் போகணும்னா இனி பாரிச் சட்டியத் தொடவே மாட்டேன்னு அம்மன் முன்னாடியே சொல்லிருச்சு. அதைப் பத்தி கோயில் வாசல்ல கூடிப் பேசிக்கிட்டு இருந்தப்பதான் நம்மாளு எந்திரிச்சான்.

"மதினி, கவலைய விடுங்க. பாரி அறைக்கு நான் லைட்டுப் போடுறேன்."

"பாரி அறை இருட்டாத்தான்டா இருக்கும்" அப்படின்னுச்சு ஒச்சம்மாக்கா.

"அதனாலதான் தோக்குறோம்! இது சும்மா லைட்டு இல்ல, நாத்து லைட்டு. வீட்டுக்குள்ள வெதை முளைக்க வைக்கிற லைட்டு. நானே செஞ்சது. கயித்துக் கட்டிலக் கவுத்துப் போட்டேன். நாலு காலுலயும் கம்பியக் கட்டி, சீரியல் செட்டுல செவப்பையும் நீலத்தையும் மட்டும் பொறுக்கித் தொங்கவிட்டேன். சுத்தி பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாளு. அடியில டீக் கப்புல மண்ணு. அம்புட்டுத்தான்."

டீக்கடை தவசி விடுவானா? "மச்சான், நம்ம ஊருல வெயிலுக்கா பஞ்சம்? வெளிய வச்சா வெதை வெந்தே போயிரும்."

"சூரியன் சாயங்காலமானா வீட்டுக்குப் போயிரும்ல? என் லைட்டு போகாது. கேளு. மிளகா வெதையப் போட்டுட்டு உன் கடையில ஒரு டீ குடிக்க வந்தேன். திரும்பிப் போறேன், முளைச்சு ரெண்டு இலை விட்டுருச்சு."

"என் கடையில நீ உக்காந்தா எந்திரிக்கவே ஒரு வாரம் ஆகும். முளைக்காம என்ன செய்யும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. சோணைமுத்துவுக்கு அதெல்லாம் உறைக்காது. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னான்.

"மிளகா கிடக்கட்டும். கத்திரி நாத்து ஒண்ணு மத்தியானத்துக்குள்ள மோட்டுவளையத் தொட்டுருச்சு. காய் வேற தொங்குது. இவ, பஞ்சவர்ணம், தெரியாம ஃபேனைப் போட்டுட்டா. சடசடசடன்னு அம்புட்டுக் காயும் நாலு நாலாத் தெறிச்சு, அடுப்புல கொதிச்ச சாம்பாருக்குள்ளயே போய் விழுந்துச்சு. கேளுங்க அவகிட்ட."

அவன் பொண்டாட்டி பஞ்சவர்ணம் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்துச்சு. "எங்க வீட்டு ஃபேன் ஓடி ஆடி மாசத்தோட ஒரு வருசம் ஆச்சு" அப்படின்னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சுச்சு.

"ஓடாத ஃபேனே சுத்துச்சுன்னா லைட்டுக்கு எம்புட்டுச் சக்தி பாத்துக்கங்க! பக்கத்து வீட்டுச் சேவல் இருக்கே, அது சன்னல் வழியா இந்த வெளிச்சத்தப் பாத்துட்டு எப்பப் பாரு விடியுது விடியுதுன்னு கூவிக் கூவித் தொண்டை கட்டிப் போச்சு. இப்ப கோழிதான் கூவுது."

"அந்தச் சேவல நீதான அடிச்சுக் கொழம்பு வச்ச?" தவசி கேட்டான்.

"தொண்டை கட்டுன சேவல வச்சு என்னடா செய்ய? பரங்கிக்கொடிக்கு வா. அது சன்னலத் தாண்டி, கேபிள் ஒயரப் பிடிச்சு, தண்ணித் தொட்டி மேல ஏறிருச்சு. வெளிச்சத்தக் குடிச்சுக் குடிச்சுக் கொடிக்குள்ளயே கரண்டு ஓடுது. தெருவுல கரண்டு போனா பரங்கிக்காய் தானா எரியும், பல்பு கணக்கா."

"நேத்து கரண்டு போனப்ப மெழுகுவத்தி கேட்டு என் கடைக்கு வந்தது யாரு? பரங்கிக்காயா?"

"அது... அது சாமிக்கு ஏத்த. நீ குறுக்கப் பேசாத தவசி. என் தலையப் பாரு. என்ன தெரியுது?"

"ஒரு மண்ணும் இல்ல. வழுக்கைதான்."

"ஒரு நாள் அசந்து அந்தக் கட்டிலுக்கடியில தூங்கிட்டேன். எந்திரிச்சா முடி இடுப்புக்கு வந்துருச்சு! வெட்ட வெட்ட வளருது. சலூன்காரரு கையெடுத்துக் கும்பிட்டாரு, எனக்கும் குடும்பம் இருக்குண்ணே, விட்டுருங்கன்னு. அப்புறம் வேரோட பிடுங்கித்தான் வழுக்கையாவே வச்சிருக்கேன். மதினி, இந்த லைட்ட மட்டும் பாரி அறையில போடுங்க. நம்ம பொம்பளைங்க பாரி தூக்கிட்டு வாரப்ப கரண்டுக் கம்பிய ஒசத்திப் பிடிக்கத் தனியா ஆளு விடணும். கீழத்தெருக்காரன் அண்ணாந்து பாத்தே கழுத்துப் பிடிச்சுக்குவான்!"

சிரிப்பு நிக்கல. ஆனா ஒச்சம்மாக்கா சிரிக்கல. "பஞ்சவர்ணம், எடுத்துட்டு வா" அப்படின்னுச்சு.

பஞ்சவர்ணம் கோயிலுக்குப் பின்னாடி போயி ரெண்டு சட்டி கொண்டாந்து நடுவுல வச்சுச்சு. ரெண்டுலயும், ஒரு வாரத்துக்கு முன்னாடி பஞ்சவர்ணம் வந்து இந்த லைட்டப் பத்திச் சொன்னப்பவே, ஒரே நாள்ல ஒச்சம்மாக்கா போட்டுக் குடுத்த பாசிப்பயறு. ஒரு சட்டியப் பஞ்சவர்ணம் புருசனுக்குத் தெரியாம அவன் லைட்டுக்குக் கீழ மூலையில வச்சிருக்கு. இன்னொண்ணு அடுப்படியில கூடையக் கவுத்து இருட்டுல மூடி வச்சது.

கூடைக்குள்ள இருந்தது வெளுத்து மஞ்சளா, சாண் உசரத்துக்கு மேல நிக்குது. லைட்டுல இருந்தது கரும்பச்சையா, தண்டு தடியா, என் சுண்டுவிரல் உசரம்கூட இல்ல.

"பாத்தியாடா?" ஒச்சம்மாக்கா கேட்டுச்சு. "இருட்டுல கிடந்தா வெளிச்சம் எங்க எங்கன்னு எக்கி எக்கி வளரும். நீ மூஞ்சிக்கு நேரா லைட்டப் பிடிச்சா அது எதுக்கு எக்கப் போகுது? சொகமாக் குத்தவச்சு உக்காந்துருச்சு. இத அறையில போட்டிருந்தா எம் மானமே போயிருக்கும்."

எனக்கே பாவமா இருந்துச்சு. சோணைமுத்து சட்டியப் பாத்தான், பொண்டாட்டியப் பாத்தான். சரி, இன்னையோட ஆளு அடங்கிட்டான்னுதான் நெனச்சோம்.

"மதினி, அவசரப்படாதீங்க. இது வளரலன்னு யாரு சொன்னா? மேல வளரல, கீழ வளந்திருக்கு. சட்டியத் தூக்கிப் பாருங்க, வேரு தரைக்குள்ள இறங்கிப் போயி இந்நேரம் கீழத்தெருவுல எந்திரிச்சு நிக்கும்!"

தவசி தலையில அடிச்சுக்கிட்டான். ஒச்சம்மாக்கா மட்டும் அவனையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. மூஞ்சியில மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு. ரெண்டு வருசமா அந்தச் சிரிப்ப நாங்க பாக்கல.

"கீழத்தெருப் பாரி வீட்டு வாசலுக்கு மைக்செட்டுக் கட்டுறது யாருடா?"

"நாந்தான் மதினி. காலையில போறேன்."

"லைட்டையும் எடுத்துட்டுப் போ. அவங்க பாரி அறைக்குள்ளயே மாட்டிரு. இங்க சொன்ன அம்புட்டையும் ஒரு சொல்லு விடாம அவங்ககிட்டயும் சொல்லு. கத்திரிக்கா, சேவல், பரங்கிக்காய், உன் தலைமுடி எல்லாத்தையும் சொல்லு."

சோணைமுத்துவுக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. "நெசமாவா மதினி?"

"நெசமாத்தான். வேரு கதைய மட்டும் விட்டுரு. அத அவங்ககூட நம்ப மாட்டாங்க."